தாடியின் மேல் போட்ட பழி

பாய்,

நேற்றுக் காலை பாதிச் சவரத்தில் சலூன் நாற்காலியைவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலைச்சாயம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்திலிருந்து அம்மோனியா நெடி கிளம்பியது. அதிகமில்லை, கண்ணோரம் லேசாகக் கரிக்கும் அளவுதான். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை.

"இன்னா சார், ஒரு கன்னம் பாக்கி கீது. இப்டியே போனா அம்மா வூட்டுக்குள்ள உடுவாங்களா?" என்று கடைக்காரர் பின்னால் கத்தினார். முகத்தில் நுரையோடு குளக்கரையை ஒட்டி நடந்தேன். பூக்காரப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றை ஆறு மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ராயப்பேட்டைச் சந்தில் இருந்த உங்கள் கடையில்தான் இருபது வருடம் எனக்குச் செருப்பு. என் இடது காலின் ஆணிக்குத் தக்கபடி பள்ளம் வைத்துத் தைப்பீர்கள். அதற்கு மேல் நமக்குள் பெரிய பழக்கமில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் ஒரு காகிதத்தோடு மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

பெருங்குடிப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் உங்கள் தம்பி அம்மோனியா இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் குழாய் இணைப்பு விட்டுப்போய் வாயு கிளம்பியது. எல்லாரும் வெளியே ஓடியபோது அவர் சுவரில் மாட்டியிருந்த முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வால்வை மூடிவிட்டார். வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

நீங்கள் கொண்டுவந்த காகிதம் முதலாளி விசாரணைக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகல். அதில் மூன்று வரிகளுக்குக் கீழே கோடு போட்டிருந்தீர்கள். இறந்தவர் தாடி வைத்திருந்தார். அதனால் முகமூடி முகத்தில் படியவில்லை. பலமுறை எச்சரித்தும் அவர் கேட்கவில்லை.

"எச்சரிச்சானாம் சார். இவன் எந்த வேலைக்காரன்கிட்டயும் நின்னு பேசினதே இல்ல. என் தம்பி அங்க பதினோரு வருசம் அதே தாடியோடதான் நின்னுகினு இருந்தான். எனக்கு வேற எதுவும் வேணாம். இந்த மூணு வரி பொய்னு அவனே அவன் கையால எழுதணும்." பிறகு சொன்னீர்கள்: "அவன் உங்க ஸ்டூடண்டாமே சார்."

ஆமாம், என் மாணவன்தான். இரண்டாவது பெஞ்ச். ஆய்வகத்தில் ஒரு சொட்டு அமிலம்கூடச் சிந்தமாட்டான். அந்த நினைப்பில்தான், "பொறுங்கள் பாய், நான் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தி. நகரில் அவன் வீட்டில் நல்ல காபி கொடுத்தார்கள். "தாடி இருந்தா மாஸ்க் சீல் ஆகாது சார். அது சயின்ஸ். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான், கண்ணால பாத்ததைத்தான் எழுதினேன்" என்றான். திரும்பி வந்து உங்களிடம் அந்த அறிவியலையும் விளக்கினேன், வாத்தியார் புத்தி. குக்கர் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒரு கறிவேப்பிலைக் காம்பு மாட்டிக்கொண்டால் ஆவி ஓரமாகவே போய்விடும் அல்லவா, தாடி மயிரும் அப்படித்தான் என்றேன்.

உங்கள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "அப்போ அவன் சொல்றது கரீட்டா சார்?"

"பாதி சரி. தாடிக்குப் படியாத முகமூடியைத் தாடிக்காரருக்குக் கொடுத்தது யார் என்பது மீதிப் பாதி. அதைவிட, அந்த முகமூடி யாருக்காவது படியுமா என்றே எனக்குச் சந்தேகம்."

"தாடிக்கும் படியுற மாரி ஒண்ணு செஞ்சி அவன் மூஞ்சிக்கு முன்னாடி வெச்சா?"

அப்படித்தான் தொடங்கியது. நாம் இரண்டு பேரும் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பினோம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். பொய். நாம் பழிவாங்கத்தான் கிளம்பினோம். முகமூடி அதற்கான கருவி.

முதலில் செய்தது எவ்வளவு அழகாக இருந்தது! கால் அளவு எடுக்கும் காகிதப் பட்டையால் என் தாடையையும் மூக்கையும் அளந்தீர்கள். "மூஞ்சியும் கால் மாரிதான் சார். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிறவன் எவனும் இல்ல" என்றீர்கள். ரப்பர் துணியில் எறும்பு வரிசை மாதிரி தையல். அதில் காற்று அடைத்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒவ்வொரு ஊசித் துளையிலிருந்தும் ஒரு குமிழி. வாளி முழுக்கப் பொங்கியது. முப்பது வருடம் தைத்துப் பேர் வாங்கிய கை. அந்தத் தையல்தான் ஓட்டை. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். வாளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஷூ போட்டவன் காலால மூச்சு உட மாட்டான்றத மறந்துட்டேன் சார்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. இரண்டு விளிம்பையும் பசை போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினீர்கள்.

தாடிக்கு வழி கண்டதும் நீங்கள்தான். முகத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டீர்கள். "தாடி எங்க முடியுதோ அங்கருந்து ஆரம்பிப்போம்." தலை முழுவதையும் மூடும் ஓர் உறை. முன்னால் கண்ணாடி, கன்னத்தில் வடிகட்டி, கழுத்தில் மென்மையான ரப்பர் பட்டை. பட்டை முதலில் குரல்வளையை நெரித்தது. நான் பொறுத்துக்கொள்ளலாம் என்றேன். உங்களுக்கு வந்ததே கோபம்!

"கடிக்கிற செருப்ப எவன் சார் போட்டுகினு நடப்பான்? கழட்டிக் கைல புடிச்சிகினு போவான். இதுவும் அப்டித்தான். இறுக்கமா இருந்தா ஒரு விரல உட்டுத் தளத்துவான். தளத்தினா செத்தான்."

பட்டையின் விளிம்பை உள்பக்கமாக மடித்தீர்கள். மடிந்த விளிம்பு இறுக்காமலே தோலில் படிந்தது. மூச்சுக்காற்று கண்ணாடியில் படியாமலிருக்க உள்ளே மூக்குக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணம். சித்திரை வெயிலில், மின்விசிறி போடாமல், அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் என் வீட்டில் உட்கார்ந்து நாளிதழ் படிப்பீர்கள். வியர்வை தேங்கும் இடத்தையெல்லாம் வீட்டுக்குப் போய்த் திருத்துவீர்கள்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க மேற்கு மாம்பலத்தில் வாழைப்பழ எசென்ஸ் வாங்கி வந்தேன். பஞ்சில் நனைத்து உறையைச் சுற்றிக் காட்டினால், வாசனை உள்ளே வந்ததா இல்லையா என்று போட்டிருப்பவர் சொல்ல வேண்டும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் "வரல சார்" என்பீர்கள். கண்ணாடிக்குள் மூக்கு விரிவது எனக்குத் தெரியும். "பாய், பொய்." "லைட்டா வருது சார். ரொம்ப லைட்டா." வேலை முடிந்துவிட வேண்டும் என்ற ஆசை மனிதனை எப்படியெல்லாம் பேசவைக்கிறது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் உறைக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். என் மனைவி அடுக்களையிலிருந்து, "ஏன்னா, பாயை வெளில உக்காரச் சொல்லுங்கோ. மொளகா வறுத்துண்டிருக்கேன், நெடி தாங்காது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே இருமல். எனக்குத் தொண்டை அடைத்துக் கண்ணில் நீர் கொட்டியது. மேல்வீட்டில்கூட யாரோ தும்மினார்கள். நீங்கள் தாளைப் புரட்டினீர்கள். பிறகு நிமிர்ந்து, உறைக்குள்ளிருந்து, "இன்னா சார் ஆச்சு? ரெண்டு பேரும் அழுவுறீங்க?" என்று கேட்டீர்கள்.

அன்று நாம் சிரித்த மாதிரி என்றும் சிரித்ததில்லை. எனக்கு ஒன்று புரிந்ததும் அன்றுதான். பழ வாசனை வரவில்லை என்று யாரும் பொய் சொல்லிவிடலாம். மிளகாய் நெடி உள்ளே வந்தால் இருமாமல் இருக்க எவராலும் முடியாது.

உறை தயார். இனி அவன் முன்னால் வைக்க வேண்டியதுதான் என்றீர்கள். நான் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொன்னேன். பொறுங்கள். ஒரு தடவை நல்லபடியாகப் பேசிப் பார்க்கிறேன். பையன் கெட்டவனில்லை. அவன் "பாக்கலாம் சார், ஆடிட் முடியட்டும்" என்றான். அடுத்து "வெளியூர்ல இருக்கேன் சார்" என்றான். நான் அதை உங்களிடம் வந்து சொல்வேன்.

"உங்க பொறும என் தம்பிக்கு ஆவாது சார்" என்றீர்கள் கடைசி தடவை. "நீங்க இன்னும் அவனுக்கு மார்க் போட்டுகினே கீறீங்க."

போன மழைக்காலத்தில் மார்வலி வந்து போய்விட்டீர்கள். மூன்று வரிகளும் அப்படியே இருந்தன. பொறுமை என் குணம் என்று நினைத்திருந்தேன். ஒரு மாணவனை நல்லவனாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற என் ஆசைக்கு அது இன்னொரு பெயர் என்று உங்கள் ஜனாஸாவின் பின்னால் நடந்தபோது தெரிந்தது.

மார்ச் மாதம் நானே அவனைக் கூப்பிட்டேன். உன் தொழிற்சாலையில் பாதுகாப்பு நாள் நடத்துவீர்களே, நான் வந்து பேசட்டுமா? அவனுக்கு ஏக சந்தோஷம். "நீங்கதான் சீஃப் கெஸ்ட் சார்!" நான் அந்தச் சந்தோஷத்தைக் கலைக்கவில்லை. வீட்டில் மிளகாய் கேட்டேன். "காரம் ஜாஸ்தி வேணுமா?" "இருக்கறதிலேயே ஜாஸ்தி." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாய்க்காகத்தானே? குண்டூர் மொளகா இருக்கு, எடுத்துண்டு போங்கோ."

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேலைக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் முகமூடி. உங்கள் தம்பி போட்டதற்கு ஜோடி. ஒன்றாக வாங்கியவை என்று அவர்களே சொன்னார்கள். எடுத்துப் பார்த்தேன். ரப்பர் பழைய அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. "நல்ல கண்டிஷன் சார்" என்றான் அவன். அவன் முகம் மழமழவென்று இருந்தது.

"தாடி வைத்தவர் யாராவது வாருங்கள்" என்றேன். ஏழுமலை என்று ஒருவர் எழுந்தார், உங்கள் தம்பியோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். "சம்சாரம் மாசமா கீது சார், அதான் தாடி எடுக்கல" என்றார் வெட்கத்தோடு. எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு உங்கள் உறையை மாட்டினேன். முதலாளிக்கு அவனுடைய முகமூடி. இரண்டிலும் ஒரே கடையில் வாங்கிய புது வடிகட்டி, புகையையும் தடுக்கும் வகை. உள்ளே எது வந்தாலும் ஓரத்து வழியாகத்தான் வர வேண்டும். பழிவாங்கும்போதும் பரிசோதனை நியாயமாக இருக்க வேண்டும் பாய்.

முதலில் எசென்ஸ் பஞ்சைக் காட்டினேன். "ஒண்ணும் வரல சார்" என்றான். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொன்ன அதே குரல்.

"சரிப்பா. உள்ளே போய் உட்கார்."

அவனுடைய கண்ணாடி அறையில் மின் அடுப்பையும் வாணலியையும் வைத்திருந்தேன். கதவைத் தாழிடவில்லை. ஏழுமலை மிளகாயை அள்ளிப் போட்டுக் கரண்டியால் புரட்டத் தொடங்கினார். எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளியின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அடக்கினான். மறுபடி குலுங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து இருமல். முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே ஓடிவந்து விழுந்தான். ஏழுமலை உள்ளேயே நின்று, சமையல்காரர் மாதிரி நிதானமாக மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

"யோவ் ஏழுமல, அப்டியே வெங்காயத்தையும் போட்டு வதக்குய்யா!" என்று யாரோ கத்தினார்கள். அங்கே எழுந்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நான் சிரிக்கவில்லை. "உனக்குக் கதவு திறந்திருந்தது. மிளகாய்தான், ஓடிவந்துவிட்டாய்" என்றேன். "அவர் ஓடிவராமல் வால்வைத் தேடிப் போனார்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லச் சொல்ல எழுதினான். எங்கள் தொழிற்சாலையின் முகமூடி தாடியில்லாத என் முகத்திலும் படியவில்லை. தாடிதான் காரணம் என்று நான் எழுதியது தவறு. எச்சரித்ததாக எழுதியது பொய். எழுத்து அன்று போலவே அழகு. வேலைக்காரர்கள் வரிசையில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணை நடத்திய அலுவலகத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்த்து முத்திரை வாங்கிவந்தேன். ஒரு பிரதி உங்கள் தம்பி மகளிடம் இருக்கிறது. அவள் அதை வாசித்துவிட்டு, நீங்கள் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றாள்.

கிளம்பும்போது அவன் என் காலைத் தொட வந்தான். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்." காலை இழுத்துக்கொண்டேன். காப்பியடித்தவனை, கண்ணாடிக் குடுவையை உடைத்தவனை, என்னைப் பற்றிக் கழிவறைச் சுவரில் எழுதியவனை எல்லாம் மன்னித்த ஆள் நான். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.

கோபம் அமிலம் மாதிரி, வைத்திருக்கும் பாத்திரத்தையே அரித்துவிடும் என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் பாய். ஆறு மாதமாக வைத்திருக்கிறேன். நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. நீங்கள் முழுசாக வைத்திருந்ததைக் கொஞ்சம் தாமதமாக நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

போன வாரம் ஆசிரியர் தினத்துக்கு அவன் கூப்பிட்டான். தொழிற்சாலையில் எல்லாருக்கும் முகத்தை அளந்து புது முகமூடி வாங்கியிருப்பதாகச் சொன்னான். நல்லது என்றேன். பிள்ளைகள் படிப்பை விசாரித்தேன். சாப்பிட்டாயா என்றும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றான்.

"இன்னும் கோவமா சார்?"

"ஆமாம்ப்பா" என்றேன்.