கண்டிக்கோட்டா மேட்டில் நான் வெட்டிய வாய்க்கால்

6.10.2024
வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். மகள் வானதி பெங்களூரிலிருந்து பேசினாள். ஆயுத பூஜை லீவுக்கு ஆந்திராவில் கண்டிக்கோட்டா போகிறோமாம். ஆறு பாறையைப் பிளந்து ஓடுகிறதாம். அந்த விளிம்பில் டென்ட் போட்டுத் தங்கணுமாம். "மாமாவும் வர்றாங்கப்பா, மூஞ்சியத் தூக்காதீங்க" என்றாள்.

மாமா என்றால் அவள் மாமனார் நாகநாதன். பட்டுக்கோட்டை தென்னந்தோப்புக்காரர். மீசையை முறுக்குவதுதான் வேலை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. பேத்தி காதுகுத்துப் பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லை. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது; அது புரியாமல் எங்கள் குடவாசலில் நூற்றிருபது வீட்டுக்கு அந்தப் பத்திரிகையை நானே பல்லிளித்துக்கொண்டு கொடுத்தேன். அதனால்தான் அறுபத்தொன்பது வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போனேன்.

8.10.2024
போகமாட்டேன்.

9.10.2024
என் வீட்டுக்காரி ராஜாத்தி பையைக் கட்டிவிட்டாள். "நீங்க வராட்டி நான் மட்டும் போறேன்" என்கிறாள். அந்த மீசையோடு இவள் மட்டும் ஊர் சுற்றுவதா? போகிறேன்.

11.10.2024
சரசுவதி பூஜை. இன்று எழுதக்கூடாது என்று எழுத்தறிவு வகுப்பு கனிமொழி டீச்சர் சொன்னார். எழுதிவிட்டேன். கார் ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. மாப்பிள்ளை அரவிந்தன் மெயின் ரோட்டை விட்டுவிட்டுச் சின்ன ரோடாகவே போகிறார். அங்கேதான் அழகாம். கடலைக்கொல்லை, பருத்தி, கல், மறுபடியும் கல்.

பெயர்ப்பலகை எல்லாம் தெலுங்கு. சம்பந்திக்கும் படிக்கத் தெரியவில்லை. மனசுக்கு எவ்வளவு இதம்!

12.10.2024
அம்மாடி! காலுக்கு முன்னால் பூமி இல்லை. நம் ஊரில் வரப்புதான் மேடு. இங்கே சிவப்புப் பாறை அடுக்கடுக்காய் இறங்குகிறது, பாதாளத்தில் ஆறு பச்சையாய்ப் படுத்திருக்கிறது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நான் மட்டும் யோசித்தேன் - இந்தத் தண்ணியை எப்படி மேலே ஏற்றுவது?

சாயங்காலம் மேகம் கூடியது. தரையின் வாட்டம் என் டென்ட் பக்கம். டென்ட் வாடகைக்கு விடுபவர்களின் சமையல்காரரிடம் மண்வெட்டி வாங்கி, சுற்றிலும் கரை போட்டு வாய்க்கால் வெட்டினேன். "இங்கயுமா?" என்று ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை!

வாய்க்கால் எங்கே வடிகிறது என்று பார்க்கத் தவறிவிட்டேன். பக்கத்து டென்ட்டில் கூச்சல். சம்பந்தி வேட்டியைப் பிழிந்துகொண்டு வந்து நின்றார்.

"மூணு வருசமாப் பேசாம இருந்துட்டு, இப்ப தண்ணியத் தொறந்து வுடுறீங்களா?"

தெரியாமல்தான் செய்தேன். சத்தியமாக. முக்கால்வாசி.

"உள்ள வாங்க" என்றேன். ராஜாத்தி மகள் டென்ட்டுக்குப் போனாள். சம்பந்தி என் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டே விட்டேன். "பத்திரிகையில ஏன் என் பேரப் போடல?"

"கல்யாணத்துல எனக்கு ஏன் ரெண்டாம் பந்தியில எலை போட்டீங்க?"

"பந்தி பாத்தது என் மச்சான்."

"பத்திரிகை எழுதுனது என் தம்பி."

பிறகு என் மச்சானையும் அவர் தம்பியையும் ஒரு மணி நேரம் சேர்ந்து திட்டினோம்.

20.10.2024
காலையில் சம்பந்தி தேங்காய் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்த நோட்டைப் பார்த்துவிட்டார். நல்லவேளை, கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டாராம்.

"நீங்களே படிங்க, கேப்போம்" என்றார்.

விரல் வைத்து முதலிலிருந்து படித்தேன். சில வரிகளை விரல் தாண்டிப் போனது.

"நல்லாத்தான் எழுதுறீங்க சம்பந்தி. ஆனா ரொம்ப சுருக்கம்" என்றார்.