மூக்கைத் தொட்ட விரல்

சேலையூர்,
8.7.1988

அன்புள்ள அப்பாவுக்கு,

கிருபா எழுதுகிறேன். கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் காது கேளாதோர் பள்ளியில் செல்வமேரி என்று ஒரு சிறுமி. அம்மா கோவளத்தில் மீன் விற்கிறார். எந்தச் சொல்லிலும் கடைசி ஒலியை அவள் விட்டுவிடுவாள். மீனைக் காட்டினால் 'மீ' என்பாள். அவள் விரலை என் மூக்கில் வைத்து, அதிர்வு தெரியும்படி சொல்லிக் காட்டுவேன். ஒரு வருடம் கழித்து 'மீன்' என்று முழுதாகச் சொன்னாள்.

விடுமுறைக்குப் போனவள், மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் மூக்கைத் தொட்டு 'மீன்' என்றிருக்கிறாள். வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா அறைந்துவிட்டார்.

"நாலு பேர் எதிர்ல என் மூக்கத் தொட்டு, மீன் நாத்தம்னு காட்டுது டீச்சர். இதுக்கா இங்க இட்டாந்து வுட்டேன்?" என்று என்னிடம் அழுதார். விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

இப்போது செல்வமேரி வாயே திறப்பதில்லை. 'மீ' கூட வருவதில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள் அப்பா. இங்கே நாளெல்லாம் நான்தான் பேசுகிறேன். என்னோடு பேச ஆளில்லை.

மணி அடித்துவிட்டது. செல்வமேரியை இன்று என் பேச்சு வகுப்பிலிருந்து தையல் வகுப்புக்கு மாற்றுகிறார்கள். நான்தான் கூட்டிப்போய் விட வேண்டும். கையைப் பிடிக்கப் போனால், முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள்.

உங்கள் மகள்,
கிருபா