ஞாயிறு பள்ளிப் பாடம், ஐந்தாம் புத்தகம்

இல்லை, மாறவில்லை. அந்தப் புத்தகங்களை இப்போதும் குப்பை என்றுதான் சொல்வேன்.

ஜூன் மாதம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடை. அண்ணன் மகளின் நோட்டுகளுக்கு அட்டை போட பிரவுன் ஷீட் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் சுருளை இழுத்து விரித்தார். நனைந்து காய்ந்த மரத்தின் வாசனை. உடனே நீ. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வாசனை வந்து ஆளைக் கூட்டிவருவதெல்லாம் மட்டமான கதைகளில் நடப்பது.

போதாததற்கு, கல்லாவுக்குப் பின்னால் அந்தத் தொடர். ஐந்து புத்தகங்களும் புது அட்டையோடு வரிசையாக. மின்னலைப் பிடித்தபடி தாடிக் கடவுள். கீழே கடல், படகு, ஒரு பெண்.

உனக்குச் சுருக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், எவ்வளவு மோசம் என்று நினைவூட்ட. ஒரு அக்கா. அவள் தம்பியைக் கிரேக்கத்துப் பாதாள உலகம் விழுங்கிவிடுகிறது. அவனை மீட்க அவள் போகிறாள். இதற்கு ஐந்து புத்தகம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாராவது பாறை விளிம்பில் தொங்குவார்கள். அரக்கர்கள் கொல்வதற்கு முன் தங்கள் திட்டத்தை முழுதாக விளக்குவார்கள். நான் அப்போது எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. இதை வாய்விட்டு வாசிக்க நேர்ந்தது.

உன் கையில் ஊசி குத்தியிருக்கும். புத்தகத்தைப் பிடிக்க முடியாது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், நான்கு மணி நேரம். நான் திருமங்கலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடித்து வருவேன். படுக்கைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள்; நான் வந்ததும் உன் அம்மா வெளியே போய் உட்கார்வார். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். நடுநடுவே திட்டுவேன்.

"அந்த இடிக்கடவுள் நம்ம ஸ்கூல் கரஸ்பான்டென்ட் மாதிரி இல்ல?" என்பாய். "கோவம் வந்தா இடி. மறுநா ஒண்ணும் நடக்காத மாதிரி ஜெபம்."

"இதெல்லாம் ஒரு கதையா?"

"நீ திட்டுற வேகத்துலயே தெரியுதுடி, உனக்கு எம்புட்டுப் பிடிக்குதுன்னு."

பிடித்திருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. மூன்றாம் புத்தகத்தில் அந்த அக்கா மூன்று தலை நாய்க்குப் பாட்டுப் பாடித் தூங்கவைத்த இடத்தில் என் குரல் உடைந்தது. தொண்டை சரியில்லை என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

அட்டை விஷயம் உன் வேலை. உன் அம்மா ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர். அட்டையில் கடவுள் படம் பார்த்தால் அன்றே எடைக்குப் போய்விடும். "வீட்டுக்குள்ள விக்கிரகம் வரப்படாது" என்பார். அதனால் ஐந்துக்கும் பிரவுன் ஷீட். மேலே லேபிள். உன் குண்டு எழுத்தில், ஞாயிறு பள்ளிப் பாடம் 1, 2, 3. உன் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலத்தில் வந்த வேதப் பாடம் என்று நம்பினார். வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். "அம்புட்டு வலியிலயும் பாடத்த விட மாட்டா."

நீ போர்வைக்குள் சிரித்துக் குலுங்குவாய்.

ஒருநாள் பாதாள ஆற்றங்கரைக்கு வந்தோம். செத்தவர்களைப் படகுக்காரன் அக்கரைக்குக் கொண்டுபோக ஒரு காசு வேண்டும். நீ நிறுத்தச் சொன்னாய்.

"உங்காளுக நெத்தியில காசு வைப்பாங்கள்ல. எங்காளுக வைக்க மாட்டாங்க. என்னைய அவன் ஏத்துவானாடி?"

"லூசு மாதிரி பேசாத."

"கேட்டு வையி. அஞ்சாவது புக்குல வரும்."

ஐந்தாவது புத்தகத்தில் பத்தொன்பதாம் அத்தியாயம் வரை வந்தோம். இன்னும் நான்கு. அக்காவும் தம்பியும் ஆற்றின் இக்கரையில். காசு ஒன்றுதான் இருக்கிறது. என் திருமங்கலம் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து மூடினேன். "முன்னாடியே படிச்சிட்டு வந்துறாத. ரெண்டு பேரும் சேந்துதான்" என்று புத்தகத்தை நீயே வைத்துக்கொண்டாய்.

அடுத்த செவ்வாய். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். அவரோடு வந்திருந்த மகன் என் துறைப் பேராசிரியர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அட்டையை மறைக்க பிரவுன் ஷீட் உண்டு. குரலை எதை வைத்து மறைப்பது?

உன் தலையணை மேலிருந்த புத்தகத்தை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய ஐரோப்பிய நாவலை எடுத்தேன். மெச்சும்படி, சற்று உரக்க வாசித்தேன். பேராசிரியர் கேட்கட்டும் என்று.

அரை மணி நேரம் பொறுத்தாய்.

"ஏன்டி, இதுல யாருமே எங்கயும் போக மாட்டாங்களா? ஒருத்தன் ஜன்னலப் பாத்துக்கிட்டே இருக்கான்."

"இது மனசப் பத்தின கதை."

"என் மனசப் பாத்து எனக்கே சலிச்சுப் போச்சு. நம்ம படகுக்காரன எடு."

"வெள்ளிக்கிழமை."

நீ வற்புறுத்தவில்லை. பேராசிரியர் பக்கம் ஒருமுறை பார்த்தாய். புரிந்துகொண்டாய். அதுதான் இன்னும் அறுக்கிறது. அந்தப் பேராசிரியர் அப்போது போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நீ இல்லை.

உன் வீட்டு முன்னறையில் பெட்டி. வெள்ளை உடை, கையில் வேதாகமம். உன் அம்மா உள்ளே போய்ப் பிரவுன் அட்டை போட்ட புத்தகத்தோடு வந்தார். ஞாயிறு பள்ளிப் பாடம் 5. டிக்கெட் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுன்னா அவளுக்கு உசுரு" என்று உன் கையருகே வைத்தார். என்னைப் பார்த்தார். "நீதான பாப்பா வாசிச்சுக் காட்டுவ?"

"ஆமா ஆன்ட்டி."

போதகர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை பாடத்தை விடாத பிள்ளை என்று நீண்ட நேரம் பேசினார். இக்காலத்து வாலிபர் உன்னைப் பார்த்துக் கற்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்க வேண்டியது நாம் இரண்டு பேர். தனியாகச் சிரிக்கத் தெரியவில்லை. வாயைத் துப்பட்டாவால் பொத்தினேன். அழுகிறேன் என்று யாரோ முதுகைத் தடவினார்கள்.

அது பாடமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு அத்தியாயம் பாக்கியோடு மூடியை வைத்து அடித்தார்கள்.

காசுக்குப் பதில் புத்தகத்தைக் கொடுத்து நீ படகேறியிருப்பாய் என்று அன்றைக்கு ஒரு வரி தோன்றியது. சே. அந்தத் தொடரை எழுதியவர்கூட இவ்வளவு மலிவாக முடித்திருக்க மாட்டார்.

எப்படி முடித்தார் என்று தெரியாது. நான் படிக்கவில்லை. அதன்பின் எத்தனையோ படித்தேன். ஜன்னலைப் பார்ப்பவர்களைப் பற்றி மட்டும் ஓர் அலமாரி நிறைய. ஆய்வேடு எழுதுகிறேன். யாராவது அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டால் உதட்டைச் சுழிக்கிறேன். அந்தக் காசு யாருக்குப் போனது என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

கடைக்காரர் பிரவுன் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அஞ்சாவது மட்டும் குடுங்கண்ணே."

"மொத நாலும் படிக்காம அது புரியாதும்மா."

"படிச்சாச்சுண்ணே."

"பாப்பாவுக்கா?"

"எனக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எடுத்துக் கொடுத்தார்.

பெரியார் பஸ் நிலையத்தில் திருமங்கலம் பஸ் கிளம்ப நேரமிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்தேன். அட்டை போடவில்லை. கடவுள் படம் வெளியே தெரியும்படி மடியில் வைத்து, இருபதாம் அத்தியாயத்தைத் திறந்து, பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் கேட்கும் குரலில் தமிழில் வாசிக்க ஆரம்பித்தேன்.