ஃபேகஸ் மஞ்சளாகும் வாரம்

வெஸ்டர்வே, டாஸ்மேனியா
ஏப்ரல் 4

அன்புள்ள கெரினுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. டார்வினில் நீ வியர்த்துக்கொண்டிருப்பாய். இங்கே காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அடுப்பில் விறகு போட ஆரம்பித்துவிட்டேன்.

இலையுதிர்காலம் வந்து, புஷி பார்க் சாலையோரத்துப் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. வார இறுதி வந்தால் ஹோபார்ட்டிலிருந்து கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஜனங்கள் நடுரோட்டில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நானும் ஒரு நாள் இறங்கி நின்று பார்த்தேன். போன சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் பூசணி எடைப் போட்டி. என் பூசணியைத் தராசில் வைத்ததும், "கிளெம், இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? எடைக்கல்லாவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. மறுநாள் ஆப்பிள் தோட்டத்தில் நாமே பறித்துக்கொள்ளும் நாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். சாயங்காலம் புல்வெளியில் காளான் பொறுக்கி, வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டாயிற்று.

குவின்ஸ் பழ ஜெல்லி இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைக்காதே.

அன்புடன்,
அப்பா


டார்வின்
ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெல்லி பத்திரமாக வந்தது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன், அசையவில்லை. போன வருஷம் நீங்கள் காய்ச்சி அனுப்பியதை நான் தண்ணீர் மாதிரி ஊற்றிக் குடித்தேன் என்பது நினைவிருக்கிறதா? இந்த வருஷப் பாட்டிலுக்குக் கட்டம்போட்ட துணியில் தொப்பி வேறு. என் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஜேனட் அதைப் பார்த்ததும், "உங்கப்பாவுக்கு யாரோ இருக்காங்கடி" என்றாள். நான் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

பாப்ளரைப் பார்க்க இறங்கினீர்கள், ஏணியில் ஏறினீர்கள், காளான் பொறுக்கினீர்கள். என் அப்பா காரை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். யார் அவர்?

மலைமேல் ஃபேகஸ் மரங்கள் இன்னும் நிறம் மாறவில்லையே? அம்மா இறந்தபிறகு நம் வீட்டிலிருந்து யாரும் அங்கே போகவில்லை. இந்த வருஷமும் என்னால் வரமுடியாது.

அன்புடன்,
கெரின்


வெஸ்டர்வே
ஏப்ரல் 15

அன்புள்ள கெரினுக்கு,

நீ கேட்டது நல்லதாயிற்று. நானாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பெரிலை உனக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம், வாசலில் மேசை போட்டு வாத்து முட்டையும் ஆப்பிளும் வைத்திருப்பாரே, அவர்தான். கணவர் இறந்து வெகுநாளாகிறது. பூசணியைக் கேலி செய்ததும் அவர்தான், ஜெல்லியும் அவருடையதுதான். சாயங்காலங்களில் சேர்ந்து சூப் குடிக்கிறோம். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் இதை மகளுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஃபேகஸ் பார்க்க மேலே போகலாம் என்கிறார். நம் தீவிலேயே தோன்றிய மரங்களில் இலையுதிர்ப்பது அது ஒன்றுதான், அதைப் பார்க்காமல் என்ன இலையுதிர்காலம் என்கிறார். ஆனால் அந்த மலை உன்னுடையதும் அம்மாவுடையதும். நீ சரி என்றால் போவேன், வேண்டாம் என்றால் போகமாட்டேன். "பொண்ணுகிட்ட அனுமதி கேக்குற வயசா உங்களுக்கு?" என்று பெரில் சிரித்தார். அப்புறம் அவரே, "இல்ல, கேட்டுருங்க" என்றார்.

அன்புடன்,
அப்பா


டார்வின்
ஏப்ரல் 19

அப்பா,

தாராளமாகப் போங்கள். என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?

ஒவ்வொரு வருஷமும் அம்மாவும் நானும் குளிரில் ஏறினோம். நீங்கள் கீழே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரேடியோவில் ஃபுட்பால் கேட்டீர்கள். மேலே மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பாறைமேல் ஒரு நாளாவது உங்களோடு நிற்க அம்மா ஆசைப்பட்டிருக்க மாட்டாளா? அவளுக்காக இறங்காதவர் பெரிலுக்காக இறங்குகிறீர்கள். பெரில்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதுதான் வலிக்கிறது.

கெரின்


வெஸ்டர்வே
ஏப்ரல் 25

அன்புள்ள கெரினுக்கு,

நாங்கள் போகவில்லை. மலைப் பூங்கா வாசல் கடைக்காரர் போன் செய்து, "கிளெம், ஃபேகஸ் இந்த வாரம் தங்கமா நிக்குது. ஒரு காத்தடிச்சா போச்சு, அப்புறம் என்னைக் குறை சொல்லாத" என்றார். இன்று விடுமுறை, ஊரில் பாதிப்பேர் மேலேதான் இருக்கிறார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

இதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். உனக்குப் பதினான்கு வயது இருக்கும். வீட்டில் யாரோடும் பேசமாட்டாய். கேட்டதற்குப் பதில் வராது, கதவு சாத்தியே இருக்கும். அந்த வருஷம் மலையடியில் காரை நிறுத்திவிட்டு நானும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். நீ முன்னால் போய்விட்டாய். அம்மா என் பக்கம் குனிந்து, "நீ இங்கயே இரேன், கிளெம். மேல ஏறும்போது என் மூஞ்சியப் பாக்காம பேசலாம்ல, அதான் அவளுக்குப் பேச்சு வருது. நீயும் வந்தா வாயே தொறக்க மாட்டா" என்றாள். பூட்ஸைக் கழற்றிவிட்டேன். அடுத்த வருஷமும் அம்மா என்னைப் பார்த்தாள், நான் உட்கார்ந்துகொண்டேன். நீ பெரியவளான பிறகும் அப்படியே பழகிவிட்டது.

நீங்கள் இறங்கி வரும்போது இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். அப்போது டீ சூடாக இருக்கவேண்டும். அது என் வேலை. அந்த மலையில் ரேடியோ எடுக்காது, கெரின். நான் எந்த ஆட்டத்தையும் கேட்டதில்லை. வெறும் கரகரப்புத்தான்.

அந்த மரங்களை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அம்மாவின் தொப்பியில் ஒட்டிக்கொண்டு வரும் இலைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

நீ வருத்தப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


டார்வின்
மே 1

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் பிரித்தேன். அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். ஜேனட்தான் வந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் என்னை ஒதுக்கிவைத்ததை அந்த மலை வழியில்தான் அம்மாவிடம் சொன்னேன். முதன்முதலாக ஒருவனைப் பிடித்துப்போனதையும் அங்கேதான் சொன்னேன். அம்மா கடைசி முறை ஏறியபோது, தன் நோயைப் பற்றி முதலில் என்னிடம் சொன்னதும் அந்தப் பாறைமேல்தான். அவ்வளவு நேரமும் நீங்கள் எங்களுக்காகக் கீழே உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். பத்தாம் தேதி மதிய விமானத்தில் வருகிறேன். அதற்குள் காற்றடித்து இலையெல்லாம் கொட்டியிருக்கலாம். பரவாயில்லை, தரையில் கிடப்பதைப் பார்க்கலாம். பெரிலிடம் நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முன் சீட் அவருக்கு. அம்மாவின் கைத்தடி சமையலறைக் கதவுக்குப் பின்னால்தானே இருக்கிறது? உங்கள் முழங்காலுக்கு அதை எடுத்து வையுங்கள்.

நீங்கள் இரண்டு பேரும் மெதுவாக ஏறிப் போய்விட்டு, மெதுவாக இறங்கி வாருங்கள். என்னைக் கூப்பிடவேண்டாம். நான் காரில் இருப்பேன். டீ சூடாக இருக்கும்.

அன்புடன்,
கெரின்