சிவக்காத ஆணி

அன்புள்ள அம்மாவுக்கு, பிஷ்கெக் நகர விடுதியிலிருந்து பெர்மெத் வணக்கத்துடன் எழுதுவது. நம் ஆடுகளும் குதிரைகளும் நலமா? அப்பாவின் இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

வேதியியல் வகுப்பில் வினைகளை வகைபிரிக்கிறோம். செவ்வாயன்று நீலமான செப்புக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டோம். இரும்பு செம்பை வெளியேற்றும், ஆணி சிவக்கும். அது இடப்பெயர்ச்சி வினை. எல்லோருடைய ஆணியும் சிவந்தது; என்னுடையது மட்டும் அப்படியே கிடந்தது. பக்கத்தில் உட்காரும் என் அறைத்தோழி மெய்ரிம் ஆணியை மாற்றிவிட்டாள் என்று எனக்குச் சந்தேகம். நேராகவே கேட்டுவிட்டேன்.

“அடி மலைக்காரி, உன் ஆணிய வச்சு நான் குதிரைக்கு லாடமா அடிக்கப்போறேன்?” என்றவள், அதை எடுத்து மோந்து பார்த்தாள். “ஆட்டுக்கொழுப்புடி! கையில பூசிக்கிட்டே இதத் தொட்டியா?”

கைவெடிப்புக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய ஆட்டு வால்கொழுப்புதான். சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆணி சிவந்தது. ஆனால் நான் சந்தேகப்பட்டதால் மெய்ரிம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இங்கே எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

இப்போது என் டப்பாவில் கொழுப்பு தினமும் குறைகிறது. மெய்ரிமின் கையிலும் இருந்த வெடிப்பு ஆறிவருகிறது. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. அடுத்த டப்பாவைப் பெரியதாக அனுப்புங்கள், அம்மா.

உங்கள் மகள்,
பெர்மெத்