அந்தப் பக்கம் மடித்த இலை

அண்ணே,

இன்று காலைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் தாத்தாவின் படம் வந்திருக்கிறது. பழைய காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு வடக்கே எங்கோ பாராட்டு விழாவாம். கையில் ஊன்றுகோல், தலை முழுக்க வெள்ளை. நாம் அவருக்குத் 'தாத்தா' என்று பேர் வைத்தபோது அவருக்கு முப்பத்து நாலு வயதுதான். இப்போதுதான் அந்தப் பேருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். தேநீர் ஆறும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் தம்பி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தபோது பட்டத்தோடு ஒரு பைத்தியத்தையும் கொண்டுவந்தார். அங்கே சிநேகிதர்கள் கூடி, பேஸ்பால் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வார்களாம். அவர்கள் திடலில் அடிக்க அடிக்க இவர்களுக்கு வீட்டில் புள்ளி ஏறுமாம். பேஸ்பாலை நம்மில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அதை நம் மாநிலக் காற்பந்துக்கு மாற்றியவர் நீங்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அது ஆரம்பித்தது.

நாம் ஐந்து பேர். ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்த நீங்கள். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி வாத்தியாரான நான், ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவேன். பெரிய ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரஸராக இருந்த மரியதாஸ். பேங்கு கிளார்க் சிவா. பக்கத்துத் தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருந்த லிம். லிம் அந்தத் தெருவிலேயே பிறந்தவர். நம்மைவிட அழகாக ரசம் குடிப்பார். அவர் கடை மணிலா அட்டையை வெட்டித்தான் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதினோம். ஆளுக்கு ஏழு சீட்டு. கோல் அடித்தால் மூன்று புள்ளி, கோல் விடாமல் கம்பத்தைக் காக்கிற கோலிக்கு இரண்டு. பருவம் முடிந்ததும் நாலு சீட்டைப் பிஸ்கட் டின்னில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். மூன்றை மட்டும் அடுத்த வருடத்துக்கு நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.

அந்த மூன்றில்தான் எல்லா வம்பும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல உங்களுக்கும் உதாரணம் சொல்லிக்கொண்டே இருப்பேன். சந்தையில் இன்றைக்கு வாங்கினால் இன்றைக்கே தின்ன வேண்டிய பழம் ஒன்று, வைத்திருந்தால் பழுக்கிற காய் ஒன்று. நிறுத்தி வைப்பதென்றால் காயைப் பார்த்து வை என்பேன். அதற்கு நீங்கள் தலையாட்டியது போதாதென்று, என்னையே மிஞ்சிப் போனீர்கள். உங்கள் கையில் எப்போதும் காய்கள்தான். எந்த மாநிலத்திலாவது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கடைசிப் பத்து நிமிடம் இறங்கி ஓடினான் என்று செய்தி வந்தால், மறு ஞாயிறு அவன் சீட்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கும். வருடா வருடம் கடைசி இடம், அல்லது கடைசிக்கு முந்தின இடம். யாராவது கேலி செய்தால் உங்கள் பதில் ஒன்றே ஒன்று. "அடுத்த வருஷம் பாருங்க."

இத்தனைக்கும் வெற்றிக் கோப்பையைக் கொடுத்தவரே நீங்கள். கோப்பை என்றா சொல்வது? ரயில்வேயில் கழித்துக் கட்டிய கைவிளக்கு. சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்டது. அதைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தீர்கள். ஜெயித்தவர் வீட்டில் ஒரு வருடம் இருக்கும். என் வீட்டில் இரண்டு வருடம் இருந்தது. சிவா வீட்டில், லிம் கடைக் கண்ணாடி அலமாரியில், மரியதாஸ் வீட்டு மாதா படத்துக்குக் கீழே எல்லாம் இருந்தது. உங்கள் ரயில்வே கோட்டர்ஸ் வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போகவே இல்லை. அண்ணி ஒரு தடவை என்னிடம் சொன்னார்கள், வீட்டிலிருந்து போன பொருள் மறுபடி வீட்டுக்கு வரக் காணோமே என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

இலை மடிக்கிற வழக்கம் சிவா செய்த காரியத்தால் வந்தது. இரண்டாம் வருடம், கால் முறிந்து கிடந்த ஆட்டக்காரன் ஒருவனின் சீட்டை, முறிந்த செய்தி பத்திரிகையில் வருவதற்கு முன்பே லிம்மின் தலையில் கட்டிவிட்டான். லிம் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அதன் பிறகு விதி போட்டோம்: இரண்டு பேர் சீட்டு மாற்றிக்கொண்டால் மற்ற மூன்று பேரும் அது நியாயமா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கம் மடித்தால் சம்மதம். தன்னைவிட்டு அந்தப் பக்கம் மடித்தால் சம்மதமில்லை. மூன்றில் இரண்டு இலை எப்படியோ, அதுதான் முடிவு. சாவு வீட்டுச் சாப்பாட்டில்தானே அப்படி மடிப்பார்கள், இது எதற்கு என்று மரியதாஸ் முகம் சுளித்தார். மாற்று செத்துப்போச்சு என்று அர்த்தம் என்றான் சிவா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சில வருடம் கழித்து, பிப்ரவரியில் சீனப் பெருநாள் முடிந்து சில வாரம் இருக்கும். நீங்கள் மெலிந்திருந்தீர்கள். சக்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்துவிட்டதாகச் சொன்னீர்கள், நம்பினேன். சாப்பாட்டுக்கு நடுவில் சட்டைப்பையிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து லிம்மின் முன்னால் வைத்தீர்கள். ஒன்று 'குதிரை', இருபது வயது, அந்த ஆண்டுதான் கோல் அடிக்கத் தொடங்கியிருந்தான். இன்னொன்று 'பல்லி', கோல் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இளம் கோலி. இரண்டு பேரையும் மூன்று வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தவர் நீங்கள். இரண்டுக்கும் ஈடாக லிம்மிடம் கேட்டது தாத்தாவை. அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறப் போவதாக அவரே அறிவித்திருந்தார்.

லிம் இரண்டு சீட்டையும் புரட்டிப் பார்த்தார். இது விளையாட்டா நிஜமா என்று இரண்டு தரம் கேட்டார். நிஜம்தான் என்றீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அன்பில் வருகிற கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கரும்பலகை முன்னால் நிற்பதுபோல ஆரம்பித்தேன். குதிரைக்கு இன்னும் பத்து வருடம், பல்லிக்குப் பன்னிரண்டு; தாத்தாவுக்கு அதிகம் போனால் இருபது ஆட்டம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்பதால் அந்த உதாரணமும் வந்தது.

"அது வெட்டப் போற மரம், அண்ணே. சாய்க்கிறதுக்கு முன்னாடி கண்ட எடத்துல கீறி கடைசிப் பால் எடுப்பாங்களே, அந்த மாதிரி. கன்னு ரெண்டையும் குடுத்துட்டு அதையா வாங்குறது?"

நீங்கள் அப்பளத்தை ஒடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "கடைசிப் பாலும் பால்தானே, வாத்தியாரே."

சிவா, அண்ணனுக்கு இந்த வருஷம் என்ன அவசரம், அடுத்த வருஷம் பார்க்கறதுதானே வழக்கம் என்று உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். மேசை சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. இல்லை, சிரித்தீர்கள், கொஞ்சம் தாமதமாக. பிறகு என்னைப் பார்த்து, "இந்த வருஷம் அந்த விளக்கு என் வீட்டுல இருக்கணும். காரணம் இருக்கு, இப்ப கேக்காதீங்க. எலைய மட்டும் மடிங்க" என்றீர்கள்.

மரியதாஸ் சாப்பாட்டைப் பாதியில் விட்டு இலையைத் தன் பக்கம் மடித்தார். சீட்டு மாற்றில் அவரைப்போலக் கஞ்சத்தனமாக எடை போடுகிறவர் நம்மில் கிடையாது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் மடித்ததே எனக்குப் போதுமான சைகையாக இருந்திருக்க வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் செய்தானா இல்லையா என்று சொன்ன வாத்தியார், எதிரில் இருந்த இரண்டு முகத்தைப் படிக்கவில்லை. சிவா, அண்ணன் ஏமாறக் கூடாது லா என்று சொல்லி அந்தப் பக்கம் மடித்தான். மிச்சம் என் இலை.

நீங்கள் என் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களை உங்களிடமிருந்தே காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அதை அந்தப் பக்கம் மடித்தேன்.

சண்டை போட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். இரண்டு சீட்டையும் எடுத்து, ஓரத்தில் பட்டிருந்த குழம்பைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். "சரி, வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தீர்கள், வழக்கம்போல. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். வெயில் என்றீர்கள்.

தாத்தா அந்தப் பருவம் ஆடிய ஆட்டம் ஊருக்கே தெரியும். ஓய்வு பெறப் போகிறவர் போலவா ஆடினார்? லிம் ஜெயித்தார். நீங்கள் ஐந்து புள்ளி குறைந்து இரண்டாவது. அந்த மாற்று நடந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று கணக்கு வாத்தியாரான நான் அன்றைக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பிறகு பல தடவை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு உங்கள் வீட்டுக்குத்தான் போகிறது.

பருவம் முடிந்த ஆறாவது வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

மரியதாஸ் சவ ஊர்வலத்தில் என் பக்கத்தில் நடந்தார். ஆஸ்பத்திரியில் உங்கள் பரிசோதனைக் காகிதம் அவர் கண்ணில் பட்டுவிட்டதாம். ஜனவரியிலேயே. யாரிடமும் சொல்லக் கூடாது, பெரியவள் பரீட்சை முடியட்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டீர்களாம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க எப்படிங்க தெரிஞ்சிருக்க முடியும்" என்றார்.

கருமாதி அன்று லிம் விளக்கைக் கொண்டுவந்தார். செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி. ஜெயித்தவர் அண்ணன்தான், நான் சும்மா வைத்திருந்தேன் என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி பிரித்துப் பார்த்துவிட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு என்னிடம் வந்து, நீங்கள் அந்த விளக்கை எதற்காகக் கேட்டீர்கள் என்பதைச் சொன்னார்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு தடவையாவது ஜெயித்த ஆளாக வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று ஆசையாம். வருடா வருடம் தோற்றுவிட்டு வந்த அப்பாவைச் சின்னவன் கேலி செய்வானாம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்களாம்.

"வாத்தியார் மேல கோவமான்னு கேட்டேன். எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணாருன்னு சொன்னாங்க," என்றார் அண்ணி.

அன்றைய சாப்பாட்டில் இலையை அந்தப் பக்கம்தானே மடிக்க வேண்டும். என்னால் முடியவில்லை, அண்ணே. அப்படியே விரித்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பரிமாறிய பையனுக்கு நான் சாப்பிட்டு முடித்தேனா இல்லையா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் விளையாடவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சீட்டு டின்னை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனையோ பேரை எடை போட்டிருக்கிறேன். யார் தேறுவான், எந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது என்று. பெரும்பாலும் சரியாகவே போட்டிருக்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை. உங்கள் சீட்டுகளின் மதிப்பையும் சரியாகத்தான் போட்டேன். குதிரை பத்து வருடம் ஓடினான். பல்லி தேசிய அணிவரை போனான். நான் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பத்து வருடம் உங்களுடையதாக இருக்குமா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். நீங்கள் சொல்லாமலே நான் என் பக்கம் மடித்திருக்கலாம்.

நான் தலைமையாசிரியராக இருந்த கடைசி வருடம், என் பள்ளியின் மிக நல்ல ஆசிரியை ஒருவர் கேரி தீவில் ஒரு சின்னத் தோட்டப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வந்தார். அடுத்த ஆண்டு துணைத் தலைமையாசிரியராக வேண்டியவர். இங்கிருந்தால் கிடைப்பது எல்லாம், அங்கே போனால் கிடைக்காதது எல்லாம் எனக்கு விரல் நுனியில் இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள், சார், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று. அவர் என் மேசை முன்னால் நின்று, காரணம் இருக்கிறது சார் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

என் நாக்கு நுனிவரை ஒரு உதாரணம் வந்தது. விழுங்கிவிட்டேன். உட்காரச் சொல்லி, விண்ணப்பப் பாரத்தை வாங்கி, சிபாரிசு செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், நான் ஏதோ கேட்பேன் என்று காத்திருந்ததுபோல.

நான் கேட்கவில்லை. அவர் ஏன் போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அண்ணே.