சுவரில் ஒட்டிய ஈயத்தாள்

பேச்சியம்மா,

உன் பேரில் இருக்கும் பேச்சு நேற்றிலிருந்து உன் வாயில் இல்லாததால் எழுதி வைக்கிறேன். கட்டிலுக்கு மேலே, புதுச் சுவர் வெடிப்புக்குக் குறுக்கே தேயிலைப் பெட்டி ஈயத்தாளை ரொட்டி மாவால் ஒட்டியிருக்கிறேன். தாள் கிழிந்தால் சுவரே நகர்கிறது என்று அர்த்தம். நீ சொன்னபடி உன் அம்மாவின் லய வீட்டுக்கே போய்விடுவோம். கிழியாவிட்டால் பூச்சு காய்ந்த வெடிப்புதான், இங்கேயே இருப்போம். எதுவென்று பார்க்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. அதுவரை சாணி பூசி அடைத்துவிடாதே.

கொட்டகலைக்குப் போய், சுவரைப் பார்க்க மேசனைக் கூட்டி வருகிறேன். வந்ததும் அவருக்குத் தேத்தண்ணி கொடு. சோறு ஆக்கிவிட்டேன்; குழைந்ததுக்கு நானே பொறுப்பு.

சின்னையா

கரப்பான் தின்ற ஓட்டை கணக்கில் சேராது.

இன்னொன்று: சுவரோரம் இனி நான் படுக்கிறேன். விழுந்தால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று திட்டிக்கிட்டே தோண்டி எடு.